எது எப்போது தோன்றணும்? வலைப்பக்கத்தில் டைமர் வைப்பவர்களுக்குக் கைக்குறிப்புகள்

கல்யாணப் பத்திரிகை, பலகாரக் கடை, டியூஷன் சென்டர் என்று சின்னச் சின்ன வலைப்பக்கங்களை வீட்டிலிருந்தே செய்து தருகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒன்றுதான்: "எல்லாம் மொத்தமா வந்து நிக்க வேண்டாம்மா. ஒண்ணு வந்து, கொஞ்சம் பொறுத்து இன்னொண்ணு வரட்டும்." கேட்கிறவர்களுக்கு எளிது. அதில் நான் இடறிய இடங்களைப் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வந்தேன். அதிலிருந்து கொஞ்சம் இங்கே. கட்டளைப் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கீபோர்டில் தட்டும்போது ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்.

1. ஜாவாஸ்கிரிப்டில் காத்திருக்க வைக்கும் கட்டளை செட்டைம்அவுட். ஒரே சொல்லாக எழுத வேண்டும். 'டைம்' என்பதன் டி மட்டும் பெரிய எழுத்து, 'அவுட்' என்பதன் ஓ சின்ன எழுத்து. அந்த ஓவைப் பெரிதாகப் போட்டுவிட்டு முக்கால் மணி நேரம் தேடியவள் நான். அதற்கு இரண்டு தகவல் போதும்: என்ன செய்ய வேண்டும், எவ்வளவு நேரம் கழித்து. நேரம் மில்லி விநாடியில் போகும். 3 விநாடிக்கு 3000. வெறும் 3 என்று போட்டால் கண்ணுக்குத் தாமதமே தெரியாது. "டைமர் வேலை செய்யலையே" என்று நினைத்துக்கொள்வீர்கள்.

2. என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில் ஃபங்ஷன் பெயரை மட்டும் கொடுங்கள், பின்னால் அடைப்புக்குறி போடாதீர்கள். அடைப்புக்குறி போட்டால் அது அந்த நொடியே ஓடிவிடும், டைமருக்கு வெறும் பாத்திரம்தான் மிஞ்சும். "பந்தி முடிந்ததும் பாயசக்காரரைக் கூப்பிடு" என்று சொல்வதற்குப் பதில், பாயசத்தை இப்போதே இலையில் ஊற்றிவிட்டு "பத்து நிமிஷம் பொறு" என்பது மாதிரி. புதிதாகக் கற்கிறவர்கள் காட்டும் கோடில் நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டு வளைவுகளைத்தான்.

3. செய்ய வேண்டியதை மேற்கோள்குறிக்குள் எழுத்தாகக் கொடுக்கும் பழைய வழக்கம் சில பாடங்களில் இன்னும் இருக்கிறது. வேண்டாம். பாதுகாப்புக் கெடுபிடி உள்ள தளங்களில் அது ஓடவே ஓடாது.

4. 2000 என்று எழுதினால் சரியாக 2 விநாடியில் வரும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். அது 'குறைந்தது 2 விநாடி'. பிரவுசர் உங்கள் பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்டை ஒற்றை அடுப்பில்தான் சமைக்கிறது. அடுப்பில் ஏற்கெனவே பெரிய அண்டா இருந்தால், நேரம் முடிந்த டைமரும் வரிசையில்தான் நிற்க வேண்டும். இன்னொரு சங்கதி: செட்டைம்அவுட் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் சொத்தே இல்லை, பிரவுசர் கொடுக்கும் வசதி. அதனால் எப்போது மணி அடிப்பது என்பதில் பிரவுசருக்கு இஷ்டம் அதிகம். 15-வது குறிப்பில் இது வயிற்றெரிச்சலாக வந்து நிற்கும்.

5. மெதுவாகத் தோன்றுவது மட்டும்தான் வேண்டும் என்றால் ஜாவாஸ்கிரிப்டைத் தொடவே வேண்டாம். சிஎஸ்எஸ்-இல் அனிமேஷன்-டிலே இருக்கிறது. அதில் மில்லி விநாடியும் எழுதலாம், விநாடியும் எழுதலாம். ஆனால் எண்ணுக்குப் பின்னால் எஸ் அல்லது எம்எஸ் ஒட்டவேண்டும், இல்லாவிட்டால் அந்த வரியே செல்லாது.

இதில் எல்லோருக்கும் ஒருமுறை நடக்கும் வேடிக்கை: பக்கம் திறந்ததும் பெண், மாப்பிள்ளை பெயர் பளிச்சென்று தெரியும். ஒரு விநாடி கழித்துச் சட்டென்று காணாமல் போய், பிறகு மெதுவாக மறுபடி வரும். பார்க்கிறவருக்குக் கரண்ட் போய் வந்த மாதிரி இருக்கும். காரணம், காத்திருக்கும் நேரத்தில் அந்த எழுத்து தன் இயல்பான நிலையில் இருக்கிறது. அனிமேஷன் தொடங்கும்போதுதான் முதல் கீஃப்ரேம், அதாவது மறைந்த நிலை, அமலுக்கு வருகிறது. அனிமேஷன்-ஃபில்-மோட் என்ற இடத்தில் பேக்வர்ட்ஸ் என்று எழுதுங்கள், காத்திருக்கும்போதே முதல் கீஃப்ரேம் ஒட்டிக்கொள்ளும். முடிவு நிலை இயல்பான நிலையாகவே இருந்தால் ஃபார்வர்ட்ஸ் தேவையில்லை. பலர் பயந்துகொண்டு போத் என்று போடுகிறார்கள், அதனால் குற்றமில்லை.

இந்த வழியின் பெரிய நிம்மதி, ஸ்கிரிப்ட் வந்து சேராவிட்டாலும் எழுத்து வந்துவிடும்.

6. மறைப்பதில் மூன்று வகை, மூன்றும் வேறு வேறு. டிஸ்ப்ளே நன் என்றால் இடமும் இல்லை, ஆளும் இல்லை. விசிபிலிட்டி ஹிட்டன் என்றால் ஆள் இல்லை, துண்டு போட்டு இடம் பிடித்திருக்கிறது. ஒபாசிட்டி 0 என்றால் ஆள் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறார், கண்ணுக்குத் தெரியவில்லை. மூன்றாவதில்தான் ஆபத்து. தெரியாத பட்டனையும் விரல் அழுத்திவிடும், கீபோர்டின் டேப் விசையும் அதில் போய் நிற்கும். ஒபாசிட்டி 0 போடும் கீஃப்ரேமிலேயே விசிபிலிட்டி ஹிட்டனையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.

7. பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாக வரவிடும்போது இடைவெளியைக் கஞ்சத்தனமாக வையுங்கள். பன்னிரண்டு பலகாரப் படம், ஒவ்வொன்றுக்கும் அரை விநாடி என்றால் கடைசியாக நிற்கும் அதிரசம் தொடங்கவே ஐந்தரை விநாடி ஆகும். அதற்குள் வந்தவர் அடுத்த கடைக்குப் போயிருப்பார். நான் 60 முதல் 80 மில்லி விநாடிக்கு மேல் வைப்பதில்லை. யேகப் நீல்சன் 1993-ல் எழுதிய 'யூசபிலிட்டி எஞ்சினியரிங்' புத்தகத்தில் மூன்று எல்லை சொன்னார்: 0.1 விநாடிக்குள் நடந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும். 1 விநாடி வரை நினைப்பு அறுபடாது. 10 விநாடி வரைதான் கவனம் தாங்கும். கணினி எவ்வளவோ வேகமாகிவிட்டது, மனிதர் பொறுமைக் கணக்கு மாறவில்லை. வரிசை முழுதும் முடிய 1 விநாடி தாண்டக் கூடாது என்பது என் கை அளவு.

8. அந்த வரிசையை ஜாவாஸ்கிரிப்ட் லூப்பில் எழுதுகிறவர்கள் வார் என்பதை விட்டுவிட்டு லெட் போடுங்கள். வார் போட்டால் டைமர்கள் அடிக்கும் நேரத்தில் லூப் முடிந்து, எல்லாமே கடைசி எண்ணைத்தான் பார்க்கும்.

9. பிறகு வரப்போகிற பொருளுக்கு முன்கூட்டியே இடம் விட்டு வையுங்கள். இதை ஒரு பலகாரக் கடைப் பக்கத்தில்தான் கற்றேன். தீபாவளிக்கு முந்தின வாரம். "இன்று 10 சதவீதம் தள்ளுபடி" என்ற பட்டையை 4 விநாடி கழித்து மேலே வரும்படி வைத்திருந்தேன். அது வந்ததும் கீழே உள்ளதெல்லாம் ஒரு பட்டை உயரம் இறங்கும். கால் கிலோ பட்டனுக்கு நேர் மேலே ஒரு கிலோ பட்டன். கால் கிலோவை அழுத்தப் போகும் கட்டைவிரலுக்கு அடியில், அந்த நொடியில், ஒரு கிலோ வந்து உட்கார்ந்துகொள்ளும். கடைக்காரர் போன் செய்து, "என்னம்மா, எல்லாரும் ஒரு கிலோ ஒரு கிலோன்னு போடறாங்க, அப்புறம் கூப்பிட்டு இல்லைங்கறாங்க" என்றார். குரலில் பாதி சந்தோஷம், பாதி சந்தேகம்.

பட்டைக்கான உயரத்தை முதலிலேயே ஒதுக்கி, உள்ளே எழுத்தை மட்டும் பிறகு வரவைத்தேன், சரியாகிவிட்டது. மேலே தள்ளாமல் திரையின் அடியில் மிதக்கவிட்டாலும் சரிதான். கூகுள் இந்தக் குலுங்கலை அளக்கவே ஒரு கணக்கு வைத்திருக்கிறது, பெயர் கியூமுலேட்டிவ் லேஅவுட் ஷிஃப்ட். 0.1 வரை இருந்தால் நல்ல பக்கம். பயனர் தொட்ட அரை விநாடிக்குள் நகர்ந்தால் அது குற்றமில்லை, தானாக நகர்ந்தால்தான் அந்த எண் ஏறும். நியாயமான கணக்கு.

10. எதற்காக வந்தார்களோ அதைத் தாமதிக்காதீர்கள். மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். ஒரு கல்யாணப் பத்திரிகையில் முதலில் பூத்தூவல், பிறகு பிள்ளையார், பிறகு பெயர்கள், 8-வது விநாடியில் மண்டபம், முகவரி, வரைபடம் என்று அழகாகக் கோத்திருந்தேன். பெண் வீட்டில் கைதட்டினார்கள். முகூர்த்தத்தன்று காலை பஸ் ஸ்டாண்டில் இறங்கிய பெரியவர் ஒருவர், ஆட்டோக்காரர் "எங்க சார் போகணும்" என்று கேட்டுக்கொண்டே இருக்க, போனில் பூ உதிர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். மேலே கீழே தள்ளிப் பார்த்துவிட்டு, வரவில்லை என்று மூடித் திறந்திருக்கிறார். மறுபடி முதல் பூவிலிருந்து.

இப்போதெல்லாம் தேதி, நேரம், மண்டபம் மூன்றும் பக்கம் திறந்த கணமே இருக்கும். பூ அதன்பாட்டுக்கு உதிரட்டும். கூகுள் கணக்கும் இதையே சொல்கிறது: திரையில் தெரியும் பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் வந்துவிட வேண்டும். ஒபாசிட்டி 0-வில் ஒளிந்திருப்பதை அந்தக் கணக்கு 'வந்துவிட்டது' என்று எடுத்துக்கொள்ளாது.

11. பாப்-அப் கேட்கும் வாடிக்கையாளரிடம் ஒருமுறையாவது "வேண்டாமே" என்று சொல்லிப் பாருங்கள். 1990-களில் டிரைபாட் என்ற தளத்துக்காக முதல் பாப்-அப் விளம்பரக் கோடை எழுதிய ஈத்தன் ஜக்கர்மன், 2014-ல் தி அட்லான்டிக் பத்திரிகையில் அதற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். தங்கள் விளம்பரம் ஆபாசமான பக்கத்தில் வந்துவிட்டதே என்று ஒரு விளம்பரதாரர் பதற, விளம்பரத்தைப் பக்கத்தோடு ஒட்டாமல் தனி ஜன்னலில் திறக்க அவர் கண்ட வழி அது. கைபேசியில் பக்கத்தை மூடி மறைக்கும் பாப்-அப்களுக்குத் தேடலில் இடம் குறையலாம் என்று 2016 ஆகஸ்டில் அறிவித்த கூகுள், 2017 ஜனவரி 10 முதல் நடைமுறைப்படுத்தியது.

வாடிக்கையாளர் கேட்கவில்லை, வைத்தே தீர வேண்டும் என்றால்: பக்கத்தில் பாதிக்கு மேல் படித்த பிறகு வரட்டும், மூடும் குறி கட்டைவிரல் அளவு இருக்கட்டும், அதற்குத் தனியாகத் தாமதம் வைக்காதீர்கள், மூடியதை லோக்கல் ஸ்டோரேஜில் குறித்துக்கொண்டு அடுத்த தடவை காட்டாதீர்கள். மூடும் குறியை மட்டும் 5 விநாடி கழித்துக் காட்டுகிறவர்களைப் பற்றி இந்தப் பத்தியில் எழுத எனக்கு விருப்பமில்லை.

12. டைமர் காட்டப்போகும் பொருளைச் சிஎஸ்எஸ்-இலேயே மறைத்து வைத்தால், ஸ்கிரிப்ட் வந்து சேராதபோது அது கடைசிவரை வராது. மறைக்கும் வேலையையும் ஸ்கிரிப்டிடமே கொடுங்கள். பக்கத்தின் தலைப்பகுதியில் இருக்கும் ஸ்கிரிப்ட், ஓடத் தொடங்கியதுமே பக்கத்துக்கு ஒரு கிளாஸ் சேர்க்கட்டும், அந்தக் கிளாஸ் இருந்தால்தான் மறைப்பு. பூட்டியவர் கையிலேயே சாவியும் இருக்கும்.

13. செட்டைம்அவுட் ஒரு எண்ணைத் திருப்பித் தரும். கோயில் வாசலில் செருப்புக்குத் தரும் டோக்கன் மாதிரி. அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மனம் மாறினால் கிளியர்டைம்அவுட்டிடம் அந்த எண்ணைக் கொடுத்து நிறுத்தலாம். ஒரே பட்டனை மூன்று தடவை தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் (எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள்). ரத்து செய்யாவிட்டால் மூன்று டைமர் ஓடி மூன்று செய்தி வரும்.

14. தேடல் பெட்டியில் எழுத்துக்கு எழுத்து பரிந்துரை காட்டாமல், தட்டுவதை நிறுத்திச் சுமார் 300 மில்லி விநாடி ஆனதும் காட்டுங்கள். ஒவ்வொரு தட்டலிலும் பழைய டோக்கனை ரத்து செய்து புதிது வாங்குவதுதான் முறை. தமிழில் தட்டுகிறவர்களுக்கு இது ரொம்ப உதவி. 'கொ' என்று வரும் முன்னே 'க'வுக்கான பட்டியல் குதித்துக்கொண்டிருக்காது.

15. கல்யாணத்துக்கு இன்னும் எத்தனை நாள், மணி, நிமிஷம், விநாடி என்று ஓடும் கடிகாரம் எல்லோருக்கும் வேண்டும். செட்இன்டர்வலில் ஒவ்வொரு விநாடியும் ஒன்றைக் கழித்துக்கொண்டே போனால் பொய்க் கடிகாரமாகிவிடும். பயனர் வேறு டேபுக்குப் போனதும் பிரவுசர் பின்னாலிருக்கும் டைமர்களை மெதுவாக்கும். குரோம் 88, 2021 ஜனவரியில் வந்தது. அதிலிருந்து, சத்தமில்லாத பக்கம் ஒன்று 5 நிமிஷத்துக்கு மேல் பின்னால் கிடந்தால், தொடர்ந்து ஓடும் டைமர்களை நிமிஷத்துக்கு ஒருமுறைதான் எழுப்புகிறது. பேட்டரி மிச்சம், நம் கடிகாரம் மட்டம். வழி சுலபம்: டைமர் திரையைப் புதுப்பிக்க மட்டும், ஒவ்வொரு முறையும் முகூர்த்த நேரத்திலிருந்து இப்போதைய நேரத்தைக் கழித்துக் காட்டுங்கள். தூங்கி எழுந்தாலும் சரியாகச் சொல்லும்.

கூடவே, முகூர்த்த நேரத்தின் பின்னால் +05:30 என்று எழுத மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் பிரவுசர் அந்தந்த ஊர் நேரமாக எடுத்துக்கொள்ளும். தை மாதக் கல்யாணம் என்றால் டொரண்டோவிலிருக்கும் சித்தப்பாவுக்குப் பத்தரை மணி நேரம் கூடுதலாகக் காட்டும். தாலி கட்டி, சாப்பிட்டு, பந்தல் பிரித்த பிறகும் அங்கே கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்.

16. ஒரு டைமருக்குக் கொடுக்கக்கூடிய அதிகபட்ச எண் 2,14,74,83,647. நாள் கணக்கில் 25-ஐத் தொடாது, சுமார் 24.8. அதற்கு மேல் கொடுத்தால் சொன்ன நேரம் வரை காத்திருக்காது, பல நேரம் உடனே அடித்துவிடும். ஒரு மாதம் கழித்துக் காட்ட வேண்டிய "வந்து வாழ்த்தியமைக்கு நன்றி" இன்றைக்கே வந்து நிற்கும். அவ்வளவு நாள் யாரும் பக்கத்தைத் திறந்தே வைத்திருக்கப் போவதில்லை. திறக்கும்போது தேதியைப் பார்த்து முடிவெடுங்கள்.

17. "2 விநாடிக்குள் படம் இறங்கியிருக்கும், அப்புறம் காட்டலாம்" என்று அனுமானத்தில் டைமர் வைக்காதீர்கள். அரிசி வெந்ததா என்று சோற்றைத்தான் தொட்டுப் பார்க்கிறோம், சுவர்க் கடிகாரத்தை அல்ல. படம் இறங்கியதும் அதுவே லோட் என்று குரல் கொடுக்கும், அதைக் கேளுங்கள். வீட்டு வைஃபையில் 2 விநாடி தாராளம். மலைப்பாதை பஸ்ஸில் 20-ம் போதாது. குரோமின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும் வசதி இருக்கிறது, கொடுக்கும் முன் ஒருமுறை குறைத்துப் பாருங்கள்.

18. கீழே தள்ளிப் பார்க்கும்போது வர வேண்டியதற்கும் டைமர் வேண்டாம், இன்டர்செக்‌ஷன் அப்சர்வர் போடுங்கள். பொருள் திரைக்குள் நுழைந்ததும் அது சொல்லும்.

19. சுழலும் வட்டத்தை உடனே காட்டாதீர்கள். அரை விநாடி பொறுத்துக் காட்டுங்கள். அதற்குள் வேலை முடிந்தால் டோக்கனைக் கொடுத்து ரத்து. வேகமான இணைப்பில் வட்டம் மின்னி மறைவது கண்ணில் தூசி விழுந்த மாதிரி.

20. அசைவு பார்த்தால் தலைசுற்றல் வருகிறவர்கள் தங்கள் போனிலேயே அசைவைக் குறைக்கச் சொல்லி வைத்திருப்பார்கள். சிஎஸ்எஸ்-இல் பிரிஃபர்ஸ்-ரெட்யூஸ்ட்-மோஷன் என்ற கேள்வியால் அது தெரியவரும். அவர்களுக்குத் தாமதம், சறுக்கல், பூத்தூவல் எதுவுமின்றி நேரே காட்டிவிடுங்கள். நாலு வரி வேலை.

21. தானாக வந்து தானாக மறையும் செய்திகளில் முக்கியமானதை வைக்காதீர்கள். "ஆர்டர் எண் 412" என்று 3 விநாடி காட்டி எடுத்துவிட்டால், கண்ணாடியைத் தேடி எடுத்துப் போடும் என் மாமியாருக்கு அது கிடைக்காது. எண், தொகை, பிழைச் செய்தி எல்லாம் அவர்களாக மூடும்வரை நிற்கட்டும். "சேமித்தாயிற்று" போன்றவை மறையலாம். பிறகு தோன்றும் எழுத்தைப் பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான்கள் தானாகப் படிக்காது. எழுத்து வரும் பெட்டிக்கு ஏரியா-லைவ் என்பதைப் பொலைட் என்று வைத்தால் படிக்கும். பெட்டி முதலிலிருந்தே காலியாகப் பக்கத்தில் இருக்க வேண்டும், செய்தியைப் பின்னால் நிரப்ப வேண்டும். பெட்டியையே புதிதாகக் கொண்டுவந்தால் சில நேரம் வாயைத் திறக்காது. நேரம் முடிந்து வெளியே தள்ளும் படிவங்களில், முன்னதாக எச்சரித்து, ஒரே தட்டலில் நேரத்தை நீட்டிக்கக் குறைந்தது 20 விநாடி கொடுக்கச் சொல்கின்றன உலகளாவிய அணுகல் விதிகள்.

22. எல்லாக் கால அளவுகளையும் கோடின் தலையில் ஒரே இடத்தில், பெயர் வைத்து எழுதுங்கள்: பூவுக்கு இவ்வளவு, பெயருக்கு இவ்வளவு. முகூர்த்தத்துக்கு முதல் நாள் ராத்திரி பதினொன்றரைக்கு "அந்தப் பிள்ளையார் மட்டும் இன்னும் கொஞ்சம் சீக்கிரம் வரட்டுமே" என்று போன் வரும். வராமல் இருந்ததில்லை.